புகைபோக்கிக்குள் எத்தனை பறவை?

கட்சி மாநாடு முடிந்த மறுநாள் செய்தித்தாளைப் பார்த்தால் தெரியும். கட்சிக்காரர் பத்து லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார். காவல்துறை ஒரு லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளும். யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை என்பது படிக்கிற நமக்கும் தெரியும். ஆனால் ஏரிக்கு இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் பறவைகள் வந்தன என்று அதே பத்திரிகை எழுதினால், மறுபேச்சில்லாமல் நம்பிவிடுகிறோம். மனிதராவது மேடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காருவார். பறவை ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காது. அதை எண்ணியது யார்? எப்படி எண்ணினார்கள்?

மைதானத்துக் கூட்டத்தை எண்ணுவதுதான் சிரமம். தியேட்டர் கூட்டத்தை எண்ணுவது சுலபம். வாசல் ஒன்று, டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டால் கணக்கு வந்துவிடும். வானத்துக்கு அப்படியொரு வாசல் கிடையாது என்பதுதான் பறவை எண்ணுகிறவர்களின் நிரந்தரத் தலைவலி. வட அமெரிக்காவில் ஒரு பறவை மட்டும், யாரும் கேட்காமலே அந்த வாசலை அமைத்துக் கொடுத்திருக்கிறது. வீட்டுக் கூரையிலும் பள்ளிக்கூடக் கூரையிலும் நிற்கும் செங்கல் புகைபோக்கிதான் அந்த வாசல்.

உட்காரத் தெரியாத பறவை

அந்தி நேரத்தில் பனைமரத்தைச் சுற்றிக் கிறீச்சிட்டுக்கொண்டு பறக்கும் சின்னப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். பனை உழவாரன். தந்திக்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலானோடு இதைப் பலரும் குழப்பிக்கொள்வார்கள். ஆனால் உழவாரன் ஒருநாளும் கம்பியில் உட்காராது. அதன் காலால் அது முடியாது. இந்தக் குடும்பத்தின் வட அமெரிக்க உறவினர்கள் இரண்டு பேர் நம் கதையில் வருகிறார்கள். கிழக்குப் பாதியில் வாழ்வது புகைபோக்கி உழவாரன். மேற்குக் கரையில் இருப்பது அதைவிடச் சற்றே சிறிய வாக்ஸ் உழவாரன். இரண்டும் இருபது கிராமை ஒட்டிய எடைதான். உடல் கரிப்புகை நிறம், இறக்கை மட்டும் நீளம்.

கையில் பிடித்துப் பார்த்தால்தான் இதன் சூட்சுமம் புரியும். கால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. நகங்கள் மட்டும் வளைந்து, ஊசியாக, பிடித்தவர் விரலில் ஏறும். வாலைத் தடவினால் இன்னொரு ஆச்சரியம். பத்து வால் இறகுகளிலும் நடுத்தண்டு இறகின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டு, முள்ளாக நிற்கிறது. செங்குத்துச் சுவரில் நகத்தை மாட்டி, வால் முள்ளைக் கீழே ஊன்றிக்கொண்டால் போதும், இரவு முழுக்கத் தொங்கலாம். கிளையில் உட்காருவதற்கான ஏற்பாடு எதுவும் அந்த உடம்பில் கிடையாது.

கூடு கட்டுவதும் இதே கதைதான். பறந்தபடியே காய்ந்த மரத்திலிருந்து குச்சியை ஒடித்து, தன் உமிழ்நீரைப் பசையாக்கி, சுவரில் ஒரு அரைவட்டத் தட்டாக ஒட்டிவைக்கும். நம் பனை உழவாரனும் பனையோலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால்தான் கூட்டை ஒட்டுகிறது. குடும்பப் பழக்கம்.

ஐரோப்பிய உழவாரன் இன்னும் ஒரு படி மேலே. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் முதுகில் நுண்கருவி பொருத்திப் பார்த்து, சில பறவைகள் ஆண்டில் பத்து மாதம் தரையிறங்காமலே இருக்கின்றன என்று 2016-இல் அறிவித்தார்கள். தூக்கமும் ஆகாயத்தில்தான். வட அமெரிக்க உறவினர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. பகல் முழுக்கப் பறந்து பூச்சி பிடித்தாலும், இரவில் தொங்குவதற்கு அவற்றுக்கு ஒரு சுவர் வேண்டும். காற்றடிக்காத, சொரசொரப்பான, செங்குத்தான, இருட்டுச் சுவர்.

மரப்பொந்திலிருந்து செங்கல்லுக்கு

புகைபோக்கி வருவதற்கு முன் அந்தச் சுவர் பெருமரங்களின் பொந்துக்குள் இருந்தது. உள்ளீடற்றுப் போன பழைய சிக்கமோர் மரங்கள், இடிவிழுந்து மேலே திறந்துகொண்ட அடிமரங்கள். குடியேறிய ஐரோப்பியர்கள் காட்டை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வீடு கட்டி, குளிருக்குக் கணப்பு வைத்து, ஒவ்வொரு வீட்டின் மேலும் ஒரு செங்கல் பொந்தை நிறுத்தினார்கள். பறவை இடம் மாறிக்கொண்டது. கோடையில் கணப்பு எரியாது என்பதால் இரு தரப்புக்கும் சண்டையில்லை.

பொந்துக் காலத்தின் கடைசியைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன். 1800-களின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் ஊருக்கு அருகே ஒரு பட்ட சிக்கமோர் மரத்தில் இவை அடைவதை அறிந்தார். விடியலில் மரத்தில் காதை வைத்துக் கேட்டார், உள்ளே பேரிரைச்சல். பிறகு அடிமரத்தில் ஓட்டை போட்டு, இரவில் விளக்கோடு உள்ளே நுழைந்தார். சுவர் தெரியாதபடி பறவைகள் அப்பியிருந்தன. எண்ண முடியுமா? முடியாது. அதனால் பரப்பை எண்ணினார். ஒரு பறவைக்கு மூன்று அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம் என்று இடம் ஒதுக்கினார். அப்படியானால் ஒரு சதுர அடியில் 32 பறவை. அதைப் பொந்தின் உட்பரப்போடு பெருக்கி, ஒரே மரத்தில் சுமார் ஒன்பதாயிரம் என்றார்.

அழகான கணக்கு. ஆனால் பரப்பு முழுக்க ஒரே அடர்த்தியில் அப்பியிருந்தன என்ற ஒற்றை அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. போதாததற்கு, அந்த இரவில் நூறு பறவைகளுக்கும் மேல் பிடித்துக் கொன்றார். அக்காலப் பறவையியல் அப்படித்தான் நடந்தது. பறவையைத் தொடாமலே இதைவிட நல்ல எண்ணைத் தருகிற முறை இன்று சாதாரண மக்களிடம் இருக்கிறது.

பள்ளிக்கூட மேட்டில் செப்டம்பர்

ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரில் சாப்மன் தொடக்கப்பள்ளி. அதன் பெரிய செங்கல் புகைபோக்கிக்கு 1980-களிலிருந்து செப்டம்பர்தோறும் வாக்ஸ் உழவாரன்கள் வருகின்றன. மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் போகிற வழியில் சில வாரத் தங்கல்.

பிரச்சினை, செப்டம்பர் கடைசியில் போர்ட்லாண்டில் குளிர் தொடங்கிவிடும். கொதிகலனைப் பற்றவைத்தால் பறவை கருகும். பள்ளி என்ன செய்தது தெரியுமா? பறவைகள் கிளம்பும்வரை பற்றவைக்கவில்லை. பிள்ளைகளும் ஆசிரியர்களும் வகுப்பறையில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு பறவை ஆர்வலர்களும் பள்ளியும் சேர்ந்து நிதி திரட்டி வேறு வெப்ப ஏற்பாடு செய்ததும், புகைபோக்கி முழுக்கப் பறவைகளுக்கே விடப்பட்டது. ஒரு கட்டடத்தின் உறுப்பு தன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பறவைக்காகவே பராமரிக்கப்படுகிறது என்பதை வேறெங்கும் நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

இப்போது அது ஒரு திருவிழா. பள்ளியை ஒட்டிய புல்மேட்டில் குடும்பம் குடும்பமாகப் போர்வை விரித்து, சாப்பாட்டைப் பிரித்துவைத்து உட்காருகிறார்கள். நல்ல நாளில் இரண்டாயிரம் பேர்கூட வருவார்கள். பிள்ளைகள் அட்டைப்பெட்டியைக் கிழித்து மேட்டிலிருந்து சறுக்கி விளையாடுவார்கள். சூரியன் இறங்க இறங்க வானத்தில் கரும்புள்ளிகள் சேரும். முதலில் ஒழுங்கில்லாத திரள். பிறகு ஒரு வட்டம். பிறகு அந்த வட்டமே சுருங்கி, சுழன்று, புகைபோக்கியின் வாய்க்கு மேலே ஒரு நீள்சுழலாக இறங்கும். வாயருகே வந்த பறவை இறக்கையை உயர்த்தி, வேகத்தைக் கொன்று, பொத்தென்று உள்ளே விழும். புகை தலைகீழாக, வெளியிலிருந்து உள்ளே போவதைப் போலிருக்கும்.

நடுவில் ஒரு வல்லூறு வந்து புகைபோக்கி விளிம்பில் உட்கார்ந்துவிட்டால் கூட்டம் இரண்டாகப் பிரியும். பாதிப்பேர் கூச்சல் போட்டு விரட்டப் பார்ப்பார்கள். அது ஒன்றைக் கவ்வினால் கைதட்டவும் ஆள் இருக்கும். அதுவும் வயிறு உள்ள பறவைதானே.

போர்ட்லாண்ட் ஆடுபன் என்று பல காலம் அறியப்பட்ட, 2024-இல் ஆரிகன் பறவைக் கூட்டணி என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பின் தன்னார்வலர்கள் அங்கே மாலைதோறும் நின்று, வந்தவர்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள். எண்ணவும் செய்கிறார்கள்.

ஒரு மாலையின் கணக்கு

எண்ணுவது எப்படி என்பதை ஒரு கற்பனை மாலையை வைத்துப் படிப்படியாகச் செய்து பார்ப்போம். இடம் சாப்மன் மாதிரி ஏதோ ஒரு புகைபோக்கி. எண்கள் என்னுடையவை, முறை அவர்களுடையது.

மூன்று பேர், மூன்று இடத்தில், புகைபோக்கியின் வாய் வானப் பின்னணியில் தெளிவாகத் தெரிகிற மாதிரி உட்காருகிறார்கள். கையில் ஆளுக்கொரு கவுன்ட்டர். ஜபம் எண்ணுகிறவர்கள் கட்டைவிரலால் தட்டுகிறார்களே, அதேதான். வானத்தில் சுழலும் திரளை யாரும் நிமிர்ந்து எண்ணுவதில்லை. ஒரே பறவை பத்து முறை சுற்றிவந்தால் பத்தாகிவிடும். கண் வாய் விளிம்பில் மட்டும். விளிம்பைத் தாண்டி உள்ளே போனால் கூட்டு. வெளியே வந்தால் கழி.

7.05 முதல் 7.20 வரை ஒன்றும் இரண்டுமாகத்தான் வருகின்றன. ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. 46 உள்ளே போகின்றன, மனம் மாறி 7 வெளியே வருகின்றன. நிகரம் 39.

7.20-க்குப் பிறகு வேகம் பிடிக்கிறது. இனி ஒரு தட்டுக்குப் பத்து பறவை. பத்து என்பது எவ்வளவு கனம் என்று கண் பழகியிருக்க வேண்டும்; பழக ஒன்றிரண்டு மாலை போதும் என்கிறார்கள். 7.30-க்குள் 83 தட்டு. அதாவது 830.

7.30 முதல் 7.42 வரை கொட்டுகிறது. இங்கேதான் மனிதக் கண் தடுமாறும். மூவரின் கவுன்ட்டரும் மூன்று எண்ணைக் காட்டுகின்றன: 5,610, 6,240, 5,880. யார் சொல்வது சரி? யாருடையதையும் தனியாக எடுத்துக்கொள்ளாமல் சராசரி காண்கிறோம்: 5,910.

இன்னும் வேலை முடியவில்லை. கூட்டத்தின் நட்டநடுவில் ஒரு நிமிடத்தைக் காணொளியாகப் பிடித்துவைத்திருந்தோம். வீட்டுக்குப் போய், அதை மெதுவாக ஓட்டி, நிறுத்தி நிறுத்தி எண்ணினால் 588 வருகிறது. அதே நிமிடத்தில் மூவரும் தட்டிய சராசரி 540. அதாவது கண் நூற்றுக்கு எட்டுப் பறவையைத் தவறவிட்டிருக்கிறது. பெருங்கூட்டத்தைப் பார்க்கும் கண் பெரும்பாலும் குறைத்தே எண்ணும் என்பது பறவைக் கணக்கெடுப்பில் பழைய அனுபவம். மாநாட்டுக் கணக்குக்கு நேர் எதிர். அந்த விகிதத்தில் 5,910-ஐத் திருத்தினால் சுமார் 6,400. முதல் இரண்டு கட்டங்களின் 869-ஐச் சேர்த்தால் ஏறத்தாழ 7,300.

இதை 7,269 என்று எழுதினால் ஏதோ துல்லியமாகத் தெரியும். அது போலித் துல்லியம். மூன்று பேருக்குள்ளேயே அறுநூறு வித்தியாசம் இருக்கும்போது கடைசி இரண்டு இலக்கத்துக்கு என்ன மதிப்பு? 7,300, சில நூறு முன்னே பின்னே. நாளையும் இதே மூவர், இதே முறையில் எண்ணினால், இன்றையதோடு ஒப்பிடலாம். அந்த ஒப்பீடுதான் நமக்கு வேண்டியது.

ஏன் நிறைய பேர் வேண்டும்?

ஒரு புகைபோக்கிக்கு மூன்று பேர் போதும். ஆனால் பறவை ஒரே புகைபோக்கியோடு நின்றுவிடுவதில்லை. இன்று இங்கே, நாளை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வேறொன்றில். ஒரே குழு ஊர் ஊராகப் போய் எண்ணினால், அதே பறவைகளைத் திங்கட்கிழமை இங்கும் வியாழக்கிழமை அங்கும் எண்ணிவிட்டு மகிழ்ச்சியோடு கூட்டிவைக்கும். இதற்கு ஒரே மருந்து, எல்லாப் புகைபோக்கியிலும் ஒரே நாளில் ஆள் நிறுத்துவது. எந்தப் பல்கலைக்கழகத்திடமும் அத்தனை சம்பள ஆட்கள் கிடையாது. ஓய்வுபெற்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மாலை நடைக்கு வந்தவர்கள் என்று ஊரே இறங்கினால்தான் உண்டு.

டெக்சாஸில் தொடங்கிய ஒரு ஏற்பாடு இதற்காகவே ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் குறிப்பிட்ட வார இறுதிகளை ஒதுக்கிவைக்கிறது. விதி எளிது: இருட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே உட்கார வேண்டும்; கடைசிப் பறவை நுழைந்தபின் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கனடாவில் பறவைகள் கனடா என்ற அமைப்பு இதேபோல் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கிறது.

ஒற்றை வாசல் இன்னொரு விதத்திலும் கைகொடுத்திருக்கிறது. புகைபோக்கி உழவாரன் குளிர்காலத்தில் எங்கே போகிறது என்பது 1940-கள் வரை யாருக்கும் தெரியாது. விடியலில் வாயை மூடிப் பொறி வைத்தால் ஆயிரக்கணக்கில் பிடிக்கலாம் என்பதால், பல ஊர்களில் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிவிட்டார்கள். 1944-இல் பெருவின் தலைநகர் லிமாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு 13 வளையங்கள் வந்துசேர்ந்தன. அமேசான் காட்டுப் பழங்குடியினர் வேட்டையாடிய பறவைகளின் காலில் இருந்தவை. பெரும் புதிர் ஒரு கைப்பிடி வளையத்தில் தீர்ந்தது.

எண் கூடினால் நல்லதா?

இந்த ஆண்டு உங்கள் ஊர்ப் புகைபோக்கியில் போன ஆண்டைவிட இரண்டு மடங்கு பறவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு வழங்கலாமா?

பொறுங்கள். பக்கத்து ஊர் ஆலையின் புகைபோக்கியை இடித்திருக்கலாம். அடுத்த தெருவில் பழைய புகைபோக்கிகளுக்கு மழைநீர் இறங்காமல் மூடி போட்டிருக்கலாம், அல்லது உள்ளே வழவழப்பான உலோகக் குழாயை இறக்கியிருக்கலாம். அதில் நகம் பதியாது. நுழைந்த பறவை வழுக்கி விழும். போக்கிடம் இழந்தவை எல்லாம் உங்கள் வாசலில் வந்து நின்றால் அது பெருக்கம் ஆகாது. நெரிசல். ஒரு புகைபோக்கியின் எண் அந்தப் புகைபோக்கியைப் பற்றித்தான் சொல்லும். இனத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் எல்லா எண்களும் வேண்டும்.

பரந்த கணக்கெடுப்புகள் சொல்வது கசப்பானது. 1966-இலிருந்து பார்த்தால் புகைபோக்கி உழவாரன் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. 2018-இல் உலகச் சிவப்புப் பட்டியலில் அது அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது.

காரணம் கேட்டால் எல்லோரும் புகைபோக்கியைத்தான் காட்டுவார்கள். இயல்பான சந்தேகம்தான். இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் ஒன்றாகத் தொங்கும் இந்தப் பறவை, கூடு கட்டும்போது மட்டும் ஒரு புகைபோக்கிக்குப் பெரும்பாலும் ஒரே ஜோடிதான். அப்படியானால் ஒவ்வொரு மூடியும் ஒரு குடும்பத்துக்கு அடைபட்ட கதவு. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் தெருத்தெருவாகப் புகைபோக்கிகளைப் பார்த்து 2014-இல் வெளியான ஆய்வு, கூடு கட்டத் தகுந்தவை பல காலியாகவே கிடக்கின்றன, எனவே அங்கே இடப் பற்றாக்குறை முதன்மைக் காரணம் அல்ல என்றது. வீடு இருக்கிறது, குடியிருக்க ஆளில்லை.

இரண்டு மீட்டர் எச்சம்

அப்படியானால் வேறென்ன? இதற்கு ஒரு துப்பு, அதே ஒன்டாரியோவில், கிங்ஸ்டன் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஃபிளெமிங் ஹால் என்ற கட்டடத்தின் புகைபோக்கி அடியில் கிடந்தது. பல பத்தாண்டுகள் பறவைகள் அங்கே தொங்கின. தொங்கிய பறவை எச்சமிடும், எச்சம் கீழே விழும், யாரும் கூட்டவில்லை. ஏறத்தாழ 1944 முதல் 1992 வரையிலான எச்சம் இரண்டு மீட்டர் உயரத்துக்கு அடுக்கடுக்காகக் குவிந்து கிடந்தது. அடியில் பழையது, மேலே புதியது.

ஆய்வாளர்கள் உள்ளே இறங்கி அடுக்குகளை வெட்டி எடுத்தார்கள். எச்சத்தில் செரிக்காத பூச்சி ஓடுகள் இருக்கும். எந்தக் காலத்தில் என்ன தின்றது என்பதற்கு அவையே சாட்சி. 1940-களின் அடுக்குகளில் வண்டுகளின் ஓடு மிகுதி. அந்தப் பத்தாண்டின் முடிவில், சரியாக டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் தடயம் எச்சத்தில் ஏறத் தொடங்கும்போது, வண்டு சரிகிறது. சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகைகள் அந்த இடத்துக்கு வருகின்றன. வண்டு சத்துள்ள இரை. ஒரு வண்டில் கிடைப்பது, பல சில்லறைப் பூச்சிகளில்தான் கிடைக்கும். 1970-களில் டிடிடி கட்டுப்படுத்தப்பட்டதும் வண்டு ஓரளவு மீள்கிறது. பழைய அளவுக்கு மட்டும் திரும்பவே இல்லை. 2012-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

இது ஒரே ஒரு புகைபோக்கியின் சாட்சியம். கண்டம் முழுக்க நடந்த சரிவுக்கு இதையே முழுக் காரணமாக்க முடியாது. ஆனால் தேட வேண்டிய திசையைக் காட்டுகிறது. கூரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வயலையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தேடலுக்கு, பறவை வந்த இடங்களின் பட்டியல் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை வராத இடங்களின் பட்டியலும். தன்னார்வலர்களைச் சம்மதிக்கவைக்கச் சிரமமான பகுதி இதுதான். ஏழாயிரம் பறவையைப் பார்த்தவர் அன்றிரவே எண்ணை அனுப்பிவிடுவார். ஒரு மணி நேரம் கொசுக்கடியில் நின்று ஒரு பறவையையும் பார்க்காதவர், அனுப்ப என்ன இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விடுவார். அவர் போய்விட்டால், அந்தப் புகைபோக்கியைப் பறவை கைவிட்டதா, அல்லது அங்கே யாரும் எண்ணவே போகவில்லையா என்பது ஐந்து ஆண்டு கழித்துக் கணக்கைப் புரட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால் ஒருங்கிணைப்பாளர்கள் ஆண்டுதோறும் தவறாமல் நினைவூட்டுகிறார்கள்: தேதி, இடம், நேரம், வானிலை எல்லாம் எழுதி, எண்ணிக்கை என்ற கட்டத்தில் 0 என்று போட்டு அனுப்புங்கள்.